காலியாக இருந்த 208-ஆம் அறையின் மணி

எனது பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. வயது 36. கம்ப்யூட்டர் நிரல் எழுதுவது தொழில். மேற்படி விலாசத்தில் என் மனைவியுடன் வசித்து வருகிறேன். இந்த வழக்கில் கைதாகியுள்ள மருத்துவமனை ஆயாவை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அவர் எனக்கு உறவோ விரோதியோ அல்ல. யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் 3-ஆம் தேதி மேற்படி மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் அழைப்பு மணி அமைத்துக் கொடுத்தேன். அங்கே 201 முதல் 210 வரை பத்து அறைகள், ஒற்றை எண்கள் ஒரு பக்கம், இரட்டை எண்கள் எதிர்ப் பக்கம், அறைக்கு ஒரு கட்டில். நோயாளி கட்டிலோரப் பொத்தானை அழுத்தினால் ஆயாவின் மேஜையில் மணி அடித்து, பலகையில் அறை எண் தெரியும். பொத்தான்களுக்கு 001 முதல் 010 வரை எண் கொடுத்தேன். வெறும் 1, 2 என்று கொடுத்திருந்தாலே போதும். பட்டியலில் எல்லா எண்ணும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பொத்தான் எண்ணோடு 200-ஐக் கூட்டினால் அறை எண் கிடைக்கும். அந்தக் கூட்டலுக்கு நான்கு வரியில் ஒரு நிரல் எழுதி, அதன் பிறகு முதல் ஐந்து அறைகளில் மட்டும் அழுத்திப் பார்த்தேன், சரியாக இருந்தது. பத்தையும் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

11-ஆம் தேதி 208-ல் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை இறந்துபோனார். அங்கே எல்லோரும் அவரை டீச்சரம்மா என்பார்கள். அறையைக் கழுவிப் பூட்டினார்கள். 14-ஆம் தேதி அதே பக்கத்தில் அடுத்த அறையான 210-ல் தொண்டையில் அறுவை செய்த தையல்காரர் ஒருவரைச் சேர்த்தார்கள். அவருக்குக் குரல் எழும்பாது. சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டுவார்.

15-ஆம் தேதி மேனேஜர் எனக்குப் போன் செய்து, "தம்பி, பூட்டின ரூம்ல இருந்து மணி அடிக்குது. ஆயாவுக்குக் கை கால் ஓடல" என்றார். நான், "போனவங்களுக்கு ஏதாவது வேணும்னா கேட்டுக் குடுங்க சார்" என்று கிண்டல் செய்தேன். அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பொத்தானின் கம்பியைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

17-ஆம் தேதி பகல் 12.30 மணிக்கு, கழற்றிய பிறகும் அடிக்கிறது என்று கூப்பிட்டதால் நேரில் போனேன். ஆயா 208-ஐத் திறந்துவிட்டார். கழற்றிய பொத்தானைக் கையில் எடுத்தேன். கம்பி எதிலும் சேராமல் தொங்கியது. அப்போது வெளியே மேஜையில் மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன், பலகையில் 208. ஆயா வாசற்படியைத் தாண்டாமல் நின்று, காலிக் கட்டிலைப் பார்த்து, "டீச்சரம்மா, நீங்க போய்ச் சேந்துட்டீங்கம்மா. இன்னும் எதுக்குக் கூப்பிடுறீங்க? நான்தான் வந்து வந்து பாக்குறேனே" என்றார். அழவில்லை. கட்டிலில் இருப்பவரிடம் பேசுகிற குரலில்தான் சொன்னார். அதன் பிறகு என்னிடம், "எதையாவது பண்ணி நிறுத்துங்க தம்பி. பத்து நாள்ல நான் பைத்தியமாயிடுவேன்" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து, 208 என்று வந்தால் மணி அடிக்க வேண்டாம், பலகையிலும் காட்ட வேண்டாம் என்று நிரலில் ஒரு வரி சேர்த்தேன். அப்போது மணி 1.15. ஆயா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று 3.40-க்குத் தையல்காரர் மூச்சடைத்து இறந்து கிடந்ததைக் கண்டிருக்கிறார்கள். அதற்குள் அவருடைய 010 பொத்தானை 26 முறை அழுத்தியது கம்ப்யூட்டர் பதிவில் இருப்பதால், மணியைக் கேட்டும் ஆயா போகவில்லை என்று கைது செய்திருக்கிறீர்கள்.

செய்தியைப் பத்திரிகையில் படித்த பிறகு நிரலை எடுத்துப் பார்த்தேன். "பத்து எப்படி சார் எட்டாகும்?" என்று இதை எழுதும் காவலர் கேட்கிறார். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் நான் நிரல் எழுதிய கம்ப்யூட்டர் மொழி, மொத்தமே எட்டு விரல் உள்ளவரைப் போல எண்ணும். ஏழுக்கு அடுத்ததையே அது 10 என்று எழுதும். ஆகவே அதற்கு 010 என்பது எட்டு, அதோடு 200-ஐக் கூட்டினால் 208 வரும். 208 என்று அடித்தது எல்லாம் தையல்காரர் அழுத்தியது. இது பத்து விரல் கணக்கு என்று சொல்லும் மூன்று குறிகளை எண்ணுக்கு முன்னால் சேர்த்திருந்தால் சரியாகியிருக்கும். நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. மணி அடிக்கவே இல்லை என்று ஆயா சொல்வது சத்தியம். அடிக்கவிடாமல் செய்தவன் நான்.

தையல்காரரின் நோட்டை அதிகாரி எனக்குக் காட்டினார். 17-ஆம் தேதிப் பக்கத்தில், "கூப்பிட்டால் அந்த அம்மா வருகிறார். பக்கத்து அறையில் யாரிடமோ பேசிவிட்டுப் போய்விடுகிறார்" என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை அடையாளம் காட்டச் சொன்னார்கள். எனக்குத் தெரியாது என்றேன்.

இனிச் சொல்வதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. எட்டு விரலால் எண்ணுகிறவருக்கு 8 என்ற எழுத்தே கிடையாது. அதனால் 008 என்று வந்தால் அந்த நிரலுக்குக் கூட்டத் தெரியாது, மணி அடிக்காது. பிழை என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். 009-க்கும் அப்படித்தான், 209-ல் துணி அடுக்கியிருந்ததால் அங்கே அழுத்த ஆளில்லை. அந்தப் பிழைக் கோப்பை நேற்றுத்தான் முதன்முதலாகத் திறந்தேன். அதில் 11-ஆம் தேதி பகல் 2.10 முதல் 2.52 வரை 008 என்று பத்தொன்பது வரிகள் இருக்கின்றன. அதற்கு முன் ஒரு நாளும் அவர் பொத்தானை அழுத்தியதில்லை. கடைசி ஏழு வரிகளுக்கு இடையே ஒரு நிமிடம்கூட இல்லை. டீச்சரம்மா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் மகளிடம் சொல்லியிருக்கிறார்கள். மகளும் அதை நம்பி ஆறுதலாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் யார் சொல்வது என்று அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. ஒருவர் தூண்டியும் சொல்லவில்லை, ஒருவருக்குப் பயந்தும் சொல்லவில்லை. எல்லாம் உண்மை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)