கரி போடுகிறவன் இல்லாத இன்ஜின்

“எல்லாம் இருக்குது டிரைவரே. கரி போடுற எந்தம்பி எங்க?”

திண்டிவனம் பஸ் செஞ்சியை விட்டுக் கிளம்பவில்லை. மல்லாட்டைக் கடலை மூட்டைகளை மேலே ஏற்றி முடித்தால்தான் கிளம்பும். ரயில் டிரைவராக இருந்த முன் சீட்டுப் பெரியவர் மடியில், மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த ஒரு ரயில் இன்ஜின் இருந்தது. கேட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீமையில செஞ்சு கப்பல்ல வந்த இன்ஜின்ப்பா. எங்க நைனா காலத்துலேர்ந்து விழுப்புரம் லைன்ல ஓடிச்சு. இப்ப ஒடச்சு பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. அதான் செஞ்சேன்.”

“அது தெரியும். உங்களத் தகரத்துல செஞ்சு நிக்க வெச்சிருக்கீங்க. அவன இன்னாத்துக்கு வைக்கல?”

“வெச்சேம்ப்பா. ரெண்டு வாட்டி வெச்சேன். எங்க வெச்சாலும் நெருப்புக் கதவுக்கு நேராத்தான் நிக்கிறான்.”

மேலே ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தது.

“அன்னிக்கும் அப்படித்தான நின்னான்?”

“ஆமா. சிக்னல் கைகாட்டி எறங்கல. நான் ஸ்டீமை அடச்சேன். அடச்சா நெருப்பு கதவுப் பக்கம் திரும்பும். அது தெரியாம அவன் கதவத் தொறந்துட்டான். உள்ள இருந்த நெருப்பு மொத்தமும் அவன் மேல பாஞ்சிடுச்சு.”

“நீங்க?”

“ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டி கைகாட்டியப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அப்ப நீ இன்ஜின விட்டு எறங்கு. அவன உன் ஜன்னலாண்ட நிக்க வையி.”

கண்டக்டர் விசில் ஊதினார். பெரியவர் தகர டிரைவரை நகத்தால் நெம்பி எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.