பல்லிடுக்கில் இருந்த காசு

வாயில் மென்றுகொண்டிருப்பவர்கள் விழுங்கிவிடுங்கள். பிறகு என்னைத் திட்டக்கூடாது.

இரவு பத்து மணி இருக்கும். மலேசியாவின் பினாங்கில், சுங்கை பாக்காப் என்ற ஊரைத் தாண்டி உள்ளே போகும் செம்பனைத் தோட்டத்துச் சாலை. விளக்கு கிடையாது... மழை அப்போதுதான் விட்டிருந்தது. என் சிநேகிதி காமினியின் சித்தப்பா சிவநேசன் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பழைய காசு என்றால் மனிதருக்குப் பைத்தியம், அதிலும் சோழர் காசு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

அவரிடம் ஒரு கேடுகெட்ட பழக்கம் உண்டு. எந்தக் காசு கிடைத்தாலும் நாக்கில் வைத்துச் சப்பிப் பார்ப்பார். அமிலத்தில் ஊறப்போட்டுப் பழசாக்கிய போலி என்றால் புளிக்குமாம். எவன் கை பட்டதோ, எந்தச் சாக்கடையில் கிடந்ததோ... சீ! மனைவி அதிரா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

அன்று அவர் அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் ஒரு வாக்குவாதம். ஜார்ஜ் டவுனில் காசு சேர்ப்பவர்கள் மாதாமாதம் கூடுவார்கள். பணம் மாற்றித் தரும் மணி சேஞ்சர் கடை வைத்திருக்கும் ஹாஜரா என்ற அம்மாளும் வருவார். போன கூட்டத்தில் சிவநேசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"ராஜேந்திரன் கடல் தாண்டி வந்து கடாரத்தையே, இதோ பக்கத்துக் கெடாவையே, பிடிச்சாரு லா! நம்ம ராஜா!"

"பிடிச்சாரு, கொள்ளையடிச்சாரு, திரும்பிப் போயிட்டாரு. கூட வந்து இங்கயே செத்தவனுக்கு யாரு அண்ணே வாய்க்கரிசி போட்டா?" என்றார் ஹாஜரா.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிவநேசனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இந்த மண்ணிலேயே கிடைத்த சோழக் காசு ஒன்றை மேசைமேல் வைத்து அந்த அம்மாளின் வாயை அடைத்தே தீரவேண்டும். வேறு நினைப்பே இல்லை அவருக்கு.

தோட்டத்துச் சாலைக்கு, காசு ஒன்று கிடைத்ததாகச் சொல்லியிருந்த மண்வாரி ஓட்டுநர் புவனேஸ்வரன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பக்கத்தில் புது வீடுகளுக்கு அடித்தளம் தோண்டுகிறவர். பிளாஸ்டிக் பையிலிருந்து காசை எடுத்து நீட்டினார். கைபேசி வெளிச்சத்தில் பச்சை பூத்த செம்பு... ஒரு பக்கம் நிற்கும் மன்னன். சிவநேசன் அதை நாக்கில் வைத்தார். புளிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நன்றாகச் சப்பினார்.

"ஐயோ அண்ணே! அதைப் போயி வாயில..." புவனேஸ்வரன் பின்வாங்கினார். "அது மண்டையோட்டுப் பல்லிடுக்குல இருந்துச்சு. ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பித்தான் எடுத்தேன்."

சிவநேசன் துப்பினார். வாந்தி எடுத்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. எச்சிலைத் துடைத்துவிட்டுக் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஒரிஜினல் லா" என்றார். எனக்கு இன்றைக்கும் குமட்டுவது அந்த இடத்தில்தான்.

திரும்பி வரும்போது, தீவுக்குப் போகும் கடல் பாலத்தின்மேல்... காருக்குள் ஒரு வாடை. ஊறிப் புளித்த அரிசி. அதற்கடியில் கருகிய முடி. பக்கத்து இருக்கையிலிருந்து, நறுக்... நறுக்... யாரோ பச்சரிசி மெல்லும் சத்தம். திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. இருக்கை மட்டும் நனைந்திருந்தது. சுங்கை பினாங் வீட்டுக்கு வந்து மூன்று தடவை பல் துலக்கினார். வாயிலிருந்து அந்த ருசி போகவே இல்லை.

அடுத்த கூட்டத்தில் காசை மேசைமேல் வைத்தார். எழுந்து நின்றார். "ராஜேந்திரன்..."

அவ்வளவுதான். வாய் நிறைந்துவிட்டது. கையால் பொத்தினார், விரலிடுக்கில் வழிந்தது. அரிசி. கறுத்து, கொழகொழத்து, மண்ணோடு... சொத்தென்று மேசைமேல் விழுந்தது. நாற்றம் தாங்காமல் பாதிப் பேர் வெளியே ஓடினார்கள்.

ஹாஜரா மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "இது வாய்க்கரிசியோட போட்ட காசு. எவன் வாயிலேர்ந்து எடுத்தீங்க அண்ணே? கொண்டு போயி வச்சிருங்க."

மறுநாளே ஓடினார். குழி இருந்த இடத்தில் கான்கிரீட் போட்டு மெழுகியிருந்தது. மண்டையோடு?

"எல்லாம் உள்ள போயிருச்சு அண்ணே" என்றார் புவனேஸ்வரன்.

அந்த ஓரத்திலேயே நகத்தால் மண்ணைப் பறித்துக் காசைப் புதைத்துவிட்டு வந்தார். காசு போனது. அரிசி நிற்கவில்லை.

இப்போது அவர் எந்த ராஜாவைப் பற்றியும் பேசுவதில்லை. அப்படியும் காலையில் தலையணை ஈரமாக இருக்கும். அதிரா மூச்சைப் பிடித்துக்கொண்டு உறையை வெளியே உதறுவார்.

போன வாரம் உதறும்போது அரிசியோடு ஒரு பல்லும் விழுந்திருக்கிறது. வெற்றிலைக் காவி ஏறிய பல். காமினி சித்தப்பாவை உட்காரவைத்து, வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாளாம். அவர் பல் ஒன்றும் குறையவில்லை.

விழுந்த பல்லின் ஓரத்தில் புதிதாக ஒரு கீறல் இருந்தது... ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பியது போல.