புரோமினை முனையில் எழுதியவள்

தலைமை தாங்கும் ரிஃப்கத் ஐயா அவர்களே, குடுவையோடு குடுவையாய் வெந்து எங்களை ஆளாக்கிய பெரியோர்களே, அமிலம் தின்ற மேலங்கிகளை முகம் சுளிக்காமல் தைத்துத் தரும் தாய்மார்களே, பூங்கொத்தோடு அமர்ந்திருக்கும் ஆய்வகத்தின் புதிய தலைவி ராசிலியா அவர்களே, வணக்கம்.

வாழ்த்திப் பேச அழைத்தார்கள். நெஞ்சைத் தட்டிப் பார்த்தேன். பொறாமைதான் வந்து கதவைத் திறந்தது. சிரியுங்கள், போனது உங்கள் நாற்காலி இல்லையே.

நம் கசான் நகரில் பிறந்த வேதியியல் விதி என்ன சொல்கிறது? இரட்டைப் பிணைப்பில் இரண்டு கார்பன்கள். ஹைட்ரஜன் புரோமைடு வந்து சேர்ந்தால், ஹைட்ரஜன் யாரிடம் போகும்? ஏற்கெனவே ஹைட்ரஜன் மிகுந்த கார்பனிடம். புரோமின் மற்றதற்கு. இளமை ராசிலியாவிடம், இனிய பேச்சு அவளிடம், மாணவர் கூட்டம் அவளிடம். நாற்காலி மட்டும் வேறெங்கே போகும்?

ஆற்றில் பனி உடையும் வாரத்தில், குடுவையைத் தொடும் முன்பே விளைபொருளைப் பலகையில் பெயரிட்டு எழுதுவது நம் துறை வழக்கம். விடை வரும்வரை அழிக்கக் கூடாது. ஆய்வகத் தலைமைக்கு இம்முறை நாங்கள் இருவர். “பலகையப் பாத்துட்டுத்தான் நியமனத்துல கையெழுத்துப் போடுவேன்” என்றுவிட்டார் ரிஃப்கத் ஐயா.

மேசையில் ஹெக்ஸீன் புட்டி, இரட்டைப் பிணைப்பு முனையில் உள்ள வகை; அதில் ஹைட்ரஜன் புரோமைடு சேர்க்க வேண்டும். விதிப்படி நான் புரோமினை இரண்டாம் கார்பனில் எழுதினேன். கசான்காரிக்கு வேறெப்படி எழுத வரும்? ராசிலியா புட்டியைத் தூக்கி மூடியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு புரோமினை முனைக் கார்பனில் எழுதினாள்.

“என்னம்மா, நம்ம ஊரு விதியையே தலைகீழா மாட்டுற? உங்க ஊரு செல்னியில இப்படித்தான் சொல்லித் தர்றாங்களா?” என்றேன்.

“செல்னியில மூடியப் பாத்துட்டு எழுதச் சொல்வாங்க அக்கா. இதுல தேதி போட்டிருக்கு, போன வருஷமே திறந்த புட்டி. காத்து பட்டுப் பட்டுப் பெராக்சைடு ஊறியிருக்கும். அது இருந்தா புரோமின் முனைக்குத்தான் போகும்.”

“சும்மா அளக்காத.”

“நான் அளக்கல அக்கா. மெஷின் அளக்கும், இருங்க.”

மாலையில் கருவி சொன்னது: புரோமின் முனையில். கூடமே கைதட்டியது. என் பெயருக்குக் கீழே என் தவறு கொட்டை எழுத்தில் நின்றது.

என் பொறாமை எதன் மீது? நாற்காலி மீதா? ஆம். கைதட்டல் மீதா? ஆம். எல்லாவற்றையும் விட, மூடியைத் திருப்பிய அந்தக் கை மீது. விதியை அறிந்தவர்கள் இந்த ஊரில் வீதிக்கு வீதி உண்டு. இந்தப் புட்டியில் அது செல்லுமா என்று எடுத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

சமாராவில் ஒரு கல்லூரி எனக்குத் தலைமைப் பதவி தருவதாக அழைத்தது. நேற்று மறுத்துவிட்டேன். பின்வரிசையில் யாரோ ‘ஏன்’ என்கிறீர்கள். அங்கே நான் பொறாமைப்பட ஒருவரும் இல்லை. இங்கே ஒருத்தி இருக்கிறாள். அவளை ஒருநாள் வெல்லாமல் இந்த ஊரை விட்டு நகர மாட்டேன். அதுவரை அவளுக்குக் கீழே வேலை செய்வேன்.

ராசிலியா, நாளைக் காலை வருகிறேன், எனக்கொரு மேசை ஒதுக்கு. பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி. தலைவிக்கு வணக்கம்.