எட்டாம் எண் வில்லை

நின்றுகொண்டே பேசுகிறேனே, சார். உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. இருபத்திரண்டு வருடம் குளிர்கிடங்கில் பெட்டி தூக்கிய கால். குளிர் எலும்புக்குள் போய்க் குடியேறிவிட்டது. ஆனால் சனிக்கிழமை பாருங்கள், மூன்று மணி நேரம் நின்றேன், குதித்தேன், முன்பின் தெரியாத ஒரு ஆளின் தோளைப் பிடித்துத் தொங்கினேன். வலி என்ற பேச்சே இல்லை. ரக்பி அப்படிப்பட்ட ஆட்டம்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுவேன். ஆட்டத்திலிருந்து தொடங்கினால்தான் விஷயம் விளங்கும்.

நான் எங்கள் அணியின் பின்னால் இருபத்தாறு வருடமாகத் திரிகிறவன். மழை, வெயில், தோல்வி எதையும் பார்த்ததில்லை. கொக்குக்கு இந்த ஆட்டத்தைக் காட்டியதே நான்தான். கொக்கு என்றால் என் தங்கை வீட்டுக்காரன். கிடங்கில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், ஆள் அவ்வளவு உயரம். கல்யாணமான புதிதில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன், அடுத்த வாரமே மைதானத்துக்கும் கூட்டிப்போனேன். அரைமணி நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏன் மச்சான், எல்லாப் பயலும் பந்தைப் பின்னாலயே வீசுறான்? முன்னால வீசினா வேலை சீக்கிரம் முடியுமே." முன்னால் வீசக்கூடாது, அதுதான் விதி, தூக்கிக்கொண்டு ஓடித்தான் முன்னால் போகவேண்டும் என்று சொன்னேன். "அப்போ நம்ம கிடங்கு மாதிரிதான்" என்றான். அன்றிலிருந்து பதினோரு வருடம், முடிந்தவரை ஒரு ஆட்டம் விட்டதில்லை, இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் வரமுடியாமல் போனால், பார்த்தவன் மற்றவனுக்கு முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை சொல்லவேண்டும். எதையும் விடக்கூடாது. போன வருடம் என் முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து அரையிறுதி ஆட்டத்தை ஒன்றரை மணி நேரம் சொன்னான். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுகூட விடவில்லை. இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளுமே, அந்த ஸ்க்ரம் எப்படி உடைந்தது என்று காட்ட, பக்கத்துக் கட்டில்காரரின் கம்பளியைக் கேட்டு வாங்கினான். நர்ஸ் வந்து, "நோயாளி யாரு, நீங்களா அவரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நல்ல பையன் சார். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

இந்த வருடம் அணி இறுதிப்போட்டிக்கு வந்தது. இறுதிப்போட்டி என்றால் கிளப்பில் ரசிகர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். பெயர் வந்தவன் வீரர்களுக்கு முன்னால் பந்தைத் தூக்கிக்கொண்டு நடந்து, மைதானத்தின் நடுக்கோட்டில் வைத்துவிட்டு, ஆட்டம் முடிகிறவரை ஓரத்துப் பெஞ்சில் அணியோடு உட்காரலாம். நானும் எழுதிப் போட்டேன், அவனும் போட்டான். என் கண் முன்னாலேயே அவன் சீட்டை எடுத்தார்கள்.

நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம், ஆளுக்கொரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தோம்.

"இந்தத் தடவை எனக்கு விட்டுக்கொடுடா" என்றேன்.

"மச்சான், நம்ம ரெண்டு பேர்ல யாரு போனாலும் ரெண்டு பேரும் போன மாதிரிதானே?"

"ஆமா."

"அப்போ நானே போறேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தானே அது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்த காரியம் என்று நாளைக்கு யாராவது சொன்னால் அது பொய்.

இப்போது கிடங்கைப் பற்றிக் கொஞ்சம். பெரிய அறையில் மைனஸ் இருபது டிகிரி. உறைய வைத்த பட்டாணி, பெட்டி பெட்டியாக. கதவை உள்ளேயிருந்து திறக்க ஒரு கைப்பிடி உண்டு, அது உடைந்து இரண்டு மாதம் ஆகிறது. மேலாளரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன், அந்தக் காகிதங்களை நீங்களே கோப்பில் பார்க்கலாம். கைப்பிடிக்குப் பதிலாக அவர் ஒரு பலகையை மாட்டினார். மேலே ஒரு வரிசை ஆணி, 'வெளியே'. கீழே ஒரு வரிசை, 'உள்ளே'. ஆளுக்கொரு தகர வில்லை, எண் அடித்தது. உள்ளே போகும்போது உன் வில்லையைக் கீழே மாட்டு, வரும்போது மேலே மாட்டு. எல்லா வில்லையும் மேலே இருந்தால்தான் வாட்ச்மேன் பூட்டுவார். அடுத்தவன் வில்லையில் கை வைக்கக்கூடாது. ஒருவனுடைய பல்துலக்கும் பிரஷ் மாதிரி அது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு நிமிட வேலைக்கு எங்கள் ஆட்கள் தடிக் கோட்டு போட்டுக்கொண்டு உள்ளே போகமாட்டார்கள். போட்டால் கேலிதான். "என்ன மாப்ளே, ஹனிமூனா?" என்பார்கள். எல்லோரும் சட்டையோடு ஓடிப்போய் ஓடி வருவோம். முட்டாள்தனம்தான், என்ன செய்வது, வேலைசெய்கிற இடத்தின் பழக்கம்.

சனிக்கிழமை அரைநாள். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், பாதிப் பேர் அணியின் பச்சைச் சட்டையில். கொக்கு தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, மாப்பிள்ளை கணக்காக நின்றான். கிளப் கொடுத்த அனுமதி அட்டை வியர்வையில் நனையக்கூடாது என்று கோட்டின் உள்பையில் வைத்திருந்தான். காலையிலிருந்து நான்கு தடவை எடுத்துப் பார்த்தாயிற்று.

"நாலாவது வரிசையில வைக்கவேண்டிய பெட்டி ஒண்ணு ரெண்டாவதுல நிக்குது. திங்கக்கிழமை மேலாளர் கத்துவான்" என்றேன்.

"நீ முழங்காலை வெச்சுக்கிட்டு வரவேணாம் மச்சான். ஒரு நிமிஷம்" என்றான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். எட்டாம் எண் வில்லையைக் கீழ் ஆணியில் மாட்டினான். உள்ளே போனான். கதவு தானாக மூடிக்கொள்ளும், பாரமான கதவு.

நான் வில்லையை மேல் ஆணிக்கு மாற்றினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. பூட்டியது நான் இல்லை. வாட்ச்மேன் வந்தார், பலகையைப் பார்த்தார், பூட்டினார். அவர்மேல் தப்பில்லை, விதிப்படிதான் நடந்துகொண்டார். உள்ளே ஒரு மணி உண்டு, அது பின்பக்கம் லாரி நிற்கும் முற்றத்தில் அடிக்கும். சனிக்கிழமை மதியம் அங்கே யார் இருப்பார்கள்? வாட்ச்மேன் முன்வாசல் அறையில் ரேடியோவில் ஆட்டத்தைச் சத்தமாக வைத்திருந்தாராம். அவரும் நம் அணிதான்.

கோட்டை நான் எடுத்துக்கொண்டேன். அட்டை அதில்தானே இருந்தது.

பதினைந்து நிமிட நடை. தெரு முழுக்கப் பச்சை. ஒரு அம்மா கைக்குழந்தைக்குக்கூடப் பச்சைத் தொப்பி மாட்டியிருந்தாள். அட்டையில் பெயர் மட்டும்தான், படம் இல்லை. வாசலில் இருந்தவர், "வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்றார். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் காத்திருந்ததில்லை. பந்தைக் கையில் கொடுத்தார்கள். சுரங்கப் பாதையிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தேன். முப்பதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் பதினைந்து மலைகள் நடந்து வந்தன. புல் இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது. பந்தை நடுக்கோட்டில் வைத்தேன். நேராக வைத்தேன்.

பெஞ்சில் காற்று கொஞ்சம் சில்லென்று அடித்தது. கோட்டு உதவியாக இருந்தது.

முதல் பாதியில் அடி. எதிரணி மலை உருண்டு வருவதுபோல் வந்தது. இடைவேளையில் ஆறுக்குப் பதின்மூன்று, நாங்கள் பின்னால். அப்போதுதான் தங்கையின் அழைப்பைப் பார்த்தேன், ஏழு தடவை அடித்திருந்தாள். எடுத்தேன்.

"அண்ணா, டிவியில உன்னைப் பார்த்தேன். அவரு எங்கே? பந்தை நீ ஏன் தூக்கிட்டு வந்தே?"

"அவன்தான் கொடுத்தான். நீ இருபத்தாறு வருஷமா காத்திருக்கே, நீயே போ மச்சான்னு சொல்லிட்டான்."

அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான். "அவரு மனசே அப்படித்தான் அண்ணா. போனை அவர்கிட்ட குடு."

"டீ வாங்கப் போயிருக்கான். கூட்டம் ஜாஸ்தி" என்றேன்.

நாலு மணிவரையிலும்கூட உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அவள் பேசியபோது மணி மூன்று ஐம்பது. வாட்ச்மேன் நம்பர் என் போனில் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் சார், ஆறுக்குப் பதின்மூன்று. அந்த நிலைமையில் எந்த ரசிகனாவது எழுந்து போவானா? கொக்குவே போகமாட்டான். போனால் என்னைத் திட்டியிருப்பான்.

இரண்டாவது பாதியைச் சொல்கிறேன். எதிரணி இன்னொரு முறை கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றி, மேலே உதைத்தும் வாங்கி, இருபது ஆக்கியது. நம் பையன் மூன்று பெனால்டி உதைத்தான், பதினைந்துக்கு இருபது. கடைசி நிமிடம். பந்து கை மாறிக் கை மாறிப் பின்னாலேயே போகிறது, ஆள்கள் முன்னால் போகிறார்கள், ஓரத்தில் ஓடிய குள்ளப் பையன் மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டு மூலையில் விழுந்து பந்தை ஊன்றினான். இருபதுக்கு இருபது. மேற்கொண்டு இரண்டு புள்ளிக்கான உதை, எல்லைக்கோட்டின் ஓரத்திலிருந்து, எதிர்க்காற்று. முப்பதாயிரம் பேரும் மூச்சைப் பிடித்தோம். பந்து இடது கம்பத்தில் பட்டது. பட்டு, உள்ளே விழுந்தது.

பயிற்சியாளர் என்னைக் கட்டிப்பிடித்தார். கேப்டன் என்னைத் தூக்கினான், இந்த உடம்பை. வெளியே வந்து ஊர்வலத்தோடு இரண்டு தெரு ஆடினேன். பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். சிரிப்பு என்னுடையது, கீழே பெயர் அவனுடையது. அது அவனுக்கும் ஒரு மரியாதைதானே.

ஆறு மணிக்குக் கிடங்குக்குப் போனேன். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டேன் என்று சொல்லி வாட்ச்மேனைத் திறக்கச் சொன்னேன். கொக்கு கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தான். அட்டைப்பெட்டிகளைக் கிழித்து உடம்பில் சுற்றியிருந்தான், புருவத்தில் வெள்ளை. நான் சொன்ன பெட்டியை முதலில் போய்ப் பார்த்தேன். நாலாவது வரிசையில் இருந்தது. வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது.

கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினேன். என் உடம்புச் சூடு அதில் இருந்தது. பிறகு பலகையில் எட்டாம் எண் வில்லையைக் கீழ் ஆணிக்கு மாற்றினேன். உள்ளே இருப்பவனின் வில்லை கீழேதானே இருக்கவேண்டும். வாட்ச்மேன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உங்களுக்குச் சொன்னதும் அவர்தான் என்று நினைக்கிறேன்.

ஆமாம், வில்லையை மாற்றியது நான். கோட்டு வெளியே தொங்குவது தெரிந்து மாற்றினேன். கைப்பிடி உடைந்தது தெரிந்து மாற்றினேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

தங்கை பார்க்க வந்தாள். பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு நான் எதுவும் பாக்கி வைக்கவில்லை, அவள் புருஷனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். பாக்கி கொக்குக்குத்தான். அன்று ஆஸ்பத்திரியில் அவன் எனக்கு ஒன்றுவிடாமல் சொன்னான். இந்த இறுதிப்போட்டியை நான் அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது, இருபத்திரண்டுக்கு இருபது. அது ஒன்றுதான் நான் கொடுக்கவேண்டிய கடன்.