உப்பு ஐஸில் புதைத்த ரத்தம்

தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயமாத்தான் இருக்கு. சேந்தன்துறைக்காரங்க காதுல விழுந்தா, "எங்க சலேத்தம்மாளைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"னு சண்டைக்கு வந்திடுவாங்க. ரத்தத்தை ஐஸ்ல புதைச்சது வியாழக்கிழமைம்பாங்க சிலர், வெள்ளிக்கிழமைம்பாங்க சிலர். கிழமையை விட்டுடுங்க. மத்ததெல்லாம் நான் கேட்டபடி.

நம்ம யாரும் பிறக்காத காலத்துல, கடலோரத்துல சேந்தன்துறைன்னு ஒரு ஊராம். பிடிபடுற மீன்ல ஒவ்வொரு வள்ளமும் ஒரு பங்கு ஒதுக்கி, ஊர்ச்சனமே ஒரு ஆஸ்பத்திரி கட்டுச்சாம். அங்க வந்த டாக்டர் சவரிராயன், வந்ததும் கேட்டது ரத்தம். "பாட்டில்ல எடுத்துக் குளிர்ச்சியா வச்சுக்கிட்டா, பிரசவத்துல ரத்தம் போற பொம்பளைங்களைப் பிழைக்க வச்சிடலாம்"னாராம்.

ஆம்பளைங்க ஒருத்தரும் வரலை. "ரத்தத்தைக் குடுத்துட்டு வள்ளத்துல தண்டுத் துடுப்பு வலிக்க முடியுமா? நடுக்கடல்ல கண்ணு இருட்டினா யாரு பொறுப்பு?"

சலேத்தம்மாள் மட்டும் போனா. மீன் வாங்கி, ஐஸ் போட்டு, வெளியூருக்கு அனுப்புற பொம்பளை அவ. ஊசியைக் கண்டாலே நடுங்குவா. ஆனா மக பிலோமி நிறைமாசம். எல்லாத்துக்கும் பயப்படுறவ, அதனாலேயே எல்லாத்துக்கும் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி வைக்கிறவ. "என் ரத்தம் என் மகளுக்குச் சேருமான்னு பாருங்க. சேர்ந்தா எடுத்து வைங்க"ன்னா. சேர்ந்துச்சு. அதுதான் அந்த ரத்த வங்கியோட முதல் பாட்டில்னு சொல்வாங்க.

ஆஸ்பத்திரியில மண்ணெண்ணெய்ல ஓடுற குளிர்பெட்டி ஒண்ணு இருந்தது. டாக்டர் வெளியூர் போன நேரமாப் பார்த்து அது அணைஞ்சுபோச்சு. நர்ஸம்மா கையைப் பிசைஞ்சாங்க. விஷயம் கேட்டுச் சலேத்தம்மாள் ஓடி வந்தா. "சீலா மீனை மதுரை வரைக்கும் கெடாம அனுப்புறவ நான். இங்க குடுங்க." ஐஸை நொறுக்கினா. பெட்டியில பரப்பினா. இன்னும் நல்லாக் குளிரட்டும்னு கல்லுப்பை அள்ளித் தூவினா. மகளுக்கான பாட்டிலை நடுவுல புதைச்சா. மீனுக்கு அப்படித்தானே செய்வாங்க!

மறுநாள் பிலோமிக்கு வலி கண்டது. டாக்டரும் வந்துட்டாரு. பிள்ளை பிறந்துச்சு, ரத்தம் நிக்கலை. பாட்டிலைக் கொண்டாந்து பார்த்தா, கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு.

"சலேத்தம்மா, ரத்தம் குளிரணும், உறையக் கூடாது. உறைஞ்சா கெட்டுப்போயிடும். இதை ஏத்தினா உங்க மகளுக்கு விஷம்."

"அப்ப என்கிட்டயே இன்னொரு பாட்டில் எடுங்க!"

"இப்பத்தானே குடுத்தீங்க? அம்மாவையும் மகளையும் சேர்த்துப் படுக்க வைக்கவா? வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க. ஓடுங்க!"

ஓடினா. கரையில வலை பின்னிக்கிட்டிருந்த ஆளுங்களைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா. டாக்டர் விரல்ல குத்திப் பார்த்தாரு. சூசை ரத்தம் சேரலை. அவன் தம்பி ரத்தமும் சேரலை. அடுத்தவனும் இல்லை, அதுக்கடுத்தவனும் இல்லை. மிச்சம் இருந்தது தொம்மை. கொழுந்தன் முறைதான். ஆனா வலைத் தகராறுல பேச்சு விட்டுப்போனவன்.

"என்ன மைனி, இன்னிக்குத்தான் நான் கண்ணுக்குத் தெரிஞ்சேனா?"

"திட்டுறதை ஆஸ்பத்திரியில வந்து திட்டுலே. விரலைக் காட்டு." ஆஸ்பத்திரிக்கு வந்து விரலை நீட்டினான்.

சேர்ந்துச்சு. தொம்மை கையைப் பின்னால இழுத்துக்கிட்டான். "குடுத்துட்டு நாளைக்குத் தண்டு எப்படி வலிப்பேன்? நான் போகலைன்னா என் பிள்ளைங்க வயிறு?"

"உன் தண்டை நான் வலிக்கிறேன்."

"நீங்களா? கரையில நின்னு அலையைப் பார்த்தாலே தலை சுத்துமே உங்களுக்கு!"

"சுத்தட்டும். நீ படு."

படுத்தான். ரத்தம் ஏற ஏற, பிலோமி உதட்டுல நிறம் திரும்புச்சாம்.

விடியக்காலையில சலேத்தம்மாள் சேலையை இழுத்துச் சொருகிட்டு வள்ளத்துல போய் உட்கார்ந்தா. ஆளுங்க சிரிச்சாங்க. தண்டு அவ கைக்கு அடங்கலை. போற வழியெல்லாம் வாந்தி. உள்ளங்கை பொத்துப்போச்சு. ஆனா தண்டை விடலை. திரும்பி வரும்போது ஒருத்தனும் சிரிக்கலையாம். "ஆத்தா, நீ இறங்கு. தொம்மை பங்கு அவன் வீட்டுக்குப் போயிடும். இனிமே ரத்தம் குடுத்தவன் கரையில இருந்தாலும் அவன் பங்கு அவனுக்கு"ன்னு சூசை சொன்னானாம். அதுக்கப்புறம்தான் ஆம்பளைங்க ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சாங்க.

அவளுக்கு மட்டும் பயம் போகலை. "மறுபடி யாருக்காவது வந்தா, யார் ரத்தம் யாருக்குன்னு கரையெல்லாம் ஓடணுமா?" வீடு வீடாப் போய் எல்லாரையும் டாக்டர்கிட்ட விரலை நீட்ட வச்சா. வள்ளத்துக்கு அடிச்சு மிஞ்சின சாயத்தை எடுத்தா. ஒவ்வொரு ரத்த வகைக்கும் ஒரு நிறம், ஆளுக்கு ஒரு கோடு, வாசல் நிலைக்கு மேல.

தொம்மை பொண்டாட்டி கத்தினா. "வெள்ளையடிச்ச சுவரை ஏன் கெடுக்குறீங்க அக்கா?"

"கிடக்கட்டும்டி. இதைப் பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

இன்னைக்கும் அந்த ஊர்ல புது மருமக வந்தா, நிலைக்கு மேல அவளுக்கு ஒரு கோடு சேரும். வெளியூர்க்காரங்க ஏதோ அலங்காரம்னு நினைச்சுக்குவாங்க.

அன்னைக்கு எல்லார் வீட்டுக்கும் கோடு போட்டுட்டு, கடைசியில சலேத்தம்மாள் தன் வீட்டுக்கு வந்தாளாம். பிலோமி மடியில கிடந்த பச்சைப் பிள்ளையோட குதிகால்லயும் டாக்டரை ஒரு சொட்டு ரத்தம் எடுக்கச் சொல்லி, அதுக்கும் ஒரு சின்னக் கோடு இழுத்துட்டுத்தான் தூரிகையைக் கீழ வச்சாளாம்.