நஸ்ஹாவுக்குச் சமைத்தவன்

எனக்கு இன்னும் டெனிஸ் விளங்காது, டொக்டர். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று மகள் நஸ்ஹாவின் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். அவளுடைய முதல் பயிற்சியாளர் இந்த லட்சணத்தில் இருந்த நான்தான். புத்தளத்தில் ஓர் உப்புக் களஞ்சியத்தின் சிமெந்துத் தரையில் மீன் வலையைக் குறுக்கே கட்டி, பந்து பொறுக்கினேன்.

அவள் காசுக்கு ஆடத் தொடங்கி வெளிநாடுகளுக்குப் போனபோது, ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தாயில்லாப் பிள்ளை. கூனி இறால் வாயில் பட்டாலே உதடு வீங்கிவிடும். ஆகவே சமையல் என் பொறுப்பு. வென்று வந்தால் முதல் கேள்வி, "வாப்பா, சோறு எங்க?"

பிறகு ஒரு புதிய பயிற்சியாளர் வந்தார். உப்பு விளையும் ஊருக்கு வந்து, அவித்த கோழியை உப்பில்லாமல் தின்ற மனிதர். பார்க்கவே குமட்டியது.

"இனி நீங்க வீட்ட இரிங்க வாப்பா. கோச் சேர் எல்லாம் பாத்துக்குவாரு."

"ஓம் மகள். பந்து பொறுக்கவும் அவருதானா?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடன் அவள் போன முதல் போட்டிக்கு நான் தேங்காய்ச் சம்பல் கட்டிக் கொடுத்தேன். ஒரு சிட்டிகை கூனித்தூள். மாசிக் கருவாட்டு வாசத்தில் தெரியாது. தோற்று வந்தவள், "அவர் வாங்கித் தாற சாப்பாடு சரியில்ல வாப்பா" என்று என் மடியில் அழுதாள். ரைஸ் குக்கர் மறுபடி விமானம் ஏறியது.

அதன் பிறகு, தனியாகப் போகிறேன் என்ற கதை வந்தால் மட்டும் ஒரு சிட்டிகை. தரவரிசையில் இறங்கிக்கொண்டே போனாள். அதற்கு நான் என்ன செய்ய, டெனிஸ் தெரியாதவன்.

நேற்று, "ஸ்பெயினுக்குப் போறன் வாப்பா, ஒரேயடியா" என்றாள். சம்பலில் கை கொஞ்சம் கூடிவிட்டது. முகம் வீங்கி, கண்கள் மூடி, எச்சில் வழியக் கிடந்தாள். எனக்கே அருவருப்பாக இருந்தது. துவாயால் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். அதற்குப் பிறகுதான் வாகனம் பிடித்தேன்.

என்ன சாப்பிட்டாள் என்று கேட்டீர்கள். பாணும் சம்பலும் என்றேன். பொய்யில்லை. சம்பலில் கூனியைக் கலந்தவன் நான் என்பதை மட்டும் இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கிற பொலிஸ் சேரும் எழுதிக்கொள்ளட்டும்.

அந்த மூச்சு மெசினைக் கழற்றியதும் அவளுக்குப் பசிக்கும். வார்ட்டுச் சாப்பாட்டைக் கொடுத்துவிடாதீர்கள். கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்திருக்கிறேன். வேறு யார் ஊட்டினாலும் அவள் நம்பிச் சாப்பிடமாட்டாள்.