அரிசி களைந்த தண்ணீர்

போபோடியில் மெட்ரோ ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். பெட்டி முழுக்க மராத்தி. நடுவே கோயமுத்தூர்த் தமிழ் காதில் விழுந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

"செடிக்காகத்தான் ராத்திரிக்கும் சோறாக்கறேன்" என்றார் மூத்தவர்.

"மாமாவுக்குச் சுகராச்சேக்கா. ராத்திரி சப்பாத்திதானே சாப்பிடச் சொன்னாரு டாக்டர்?"

"சொன்னாருதான். ஆனா எங்க அபார்ட்மெண்ட் சொசைட்டியில டேங்கர் தண்ணி. அதைச் செடிக்கு ஊத்தினா சத்தம் போடறாங்க. அரிசி களைஞ்ச தண்ணிதான் ஊத்தோணும். அவரு தினம் சாயங்காலம் தொட்டியில விரலை வுட்டுப் பாத்துட்டு, 'மண்ணு காஞ்சு கெடக்குது, அரிசியக் களை'ங்கறாரு."

"மண்ணு மேல சருகு போட்டு மூடி வெய்யுங்கக்கா. ரெண்டு மூணு நாளைக்கு ஈரம் நிக்கும்."

"மூடாம இருப்பனா? காலையில மூடி வெச்சுட்டு, அவரை வீட்டுல வுட்டுட்டு வேலைக்குப் போறேன். சாயங்காலம் வந்து பாத்தா, சருகெல்லாம் பால்கனி மூலையில குவிஞ்சு கெடக்குது."

"அத்தனை காத்தாக்கா அங்க?"

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காத்துக்கு எதுக்குக் கண்ணு சோறு?"